மகுடி இல்லாத மகுடி இசை



சென்ற தை மாதத்தில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் கடைத்தெருவை நெருங்கிய போது, பாண்டு வாத்தியக்காரர்கள் அதுவரை வாசித்துவந்த பாட்டை நிறுத்திவிட்டு வேறொரு மெட்டைத் தொடங்கினார்கள். அதன் முதல் வளைவு காதில் விழுந்ததுதான் தாமதம். இளைஞர் ஒருவர் கைக்குட்டையின் ஒரு முனையைப் பல்லிடுக்கில் கடித்து, மறுமுனையைக் கையால் நீட்டிப் பிடித்து, அதையே மகுடியாக்கிக்கொண்டார். மற்றொருவர் இரு கைகளையும் தலைக்கு மேல் குவித்துப் படமெடுத்து, புத்தாடை அழுக்காவதையும் எண்ணாமல் தரையிலே நெளியத் தொடங்கிவிட்டார். பெரியவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஏழு வயதுப் பேரன், "தாத்தா, இது பாம்பாட்டி பாட்டா?" என்று கேட்டான். "ஆம்" என்று சொல்லிவிட்டால் அவன் மனநிறைவு கொண்டிருப்பான். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவனுக்குத் தவறான விடையைச் சொல்ல நாவெழுவதில்லை. "இல்லையப்பா, இது சினிமாப் பாட்டு, பாம்பாட்டிகள் இதைச் சினிமாவிலிருந்து கற்றுக்கொண்டார்கள்" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்கு அன்று சொல்ல முடிந்ததையும், சொல்ல முடியாமற்போன ஒன்றையும் சேர்த்தே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லவேண்டும் என்பது. அந்த மெட்டை நீங்கள் அறிவீர்கள். மொழி தெரியாதவர்களும் அறிவார்கள். இசைப் பயிற்சி இல்லாதவர்களும் அறிவார்கள். அது எங்கே பிறந்தது என்பதைத்தான் பலர் அறியார்.

அது பிறந்தது பம்பாயில். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாகின்' என்னும் இந்தித் திரைப்படத்தில். பிலிமிஸ்தான் நிறுவனத்தார் எடுத்த அப்படத்தை இயக்கியவர் நந்தலால் ஜஸ்வந்த்லால். கதாநாயகன் பிரதீப் குமார். கதாநாயகி நம் சென்னையில் பிறந்து, 1949இல் 'வாழ்க்கை' என்னும் தமிழ்ப்படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்த வைஜயந்திமாலா. அவரைப் பரதநாட்டியம் பயின்ற தமிழ்ப்பெண்ணாக அறிந்திருந்தோம். வடநாடு முழுவதும் அவரைப் பெரும் புகழுடைய நடிகையாக அறிந்துகொண்டது 'நாகின்' வந்த பிறகுதான் எனலாம்.

கதை எளியது. பாம்புகளைப் பிடித்து, நஞ்செடுத்து விற்றுப் பிழைக்கும் மலைவாழ் குடிகள் இரண்டு. இரண்டிற்கும் இடையே வாணிகப் போட்டி. போட்டி பகையாக முற்றியிருக்கிறது. ஒரு குடித் தலைவனின் மகள், மறு குடித் தலைவனின் மகனைக் கொல்லத் துணிந்து செல்கிறாள். அவன் வாசிக்கும் மகுடியிசையைக் கேட்டு மயங்கி நிற்கிறாள். ஆகவே, இப்படத்தில் மகுடி என்பது பின்னணியில் எங்கோ ஒலிக்கும் வாத்தியம் அன்று. கதையின் அச்சாணியே அதுதான். பகைமையை மறக்கச் செய்யும் இசை எப்படி இருக்கவேண்டும்? இந்தக் கேள்விக்கு விடைகாண வேண்டிய பொறுப்பு இசையமைப்பாளர் ஹேமந்த் குமார்மேல் விழுந்தது.

ஹேமந்த் குமார் வங்காளத்தவர்; அங்கே ஹேமந்த முகோபாத்யாய் என்னும் பெயரால் போற்றப்பெற்ற பாடகர்; தாகூரின் பாடல்களைப் பாடிப் பெயர் பெற்றவர். 1952இல் 'ஆனந்த மடம்' என்னும் கதையைப் பிலிமிஸ்தான் நிறுவனத்தார் இந்தியில் படமெடுத்தபோது பம்பாய்க்கு வந்து அதற்கு இசையமைத்தார். 'நாகின்' அவருக்கு அகில இந்தியப் புகழைத் தேடித் தந்தது; அதற்காகப் பிலிம்பேர் விருதும் பெற்றார்.

இனி, மகுடி என்னும் கருவியைச் சற்று நோக்குவோம். முற்றிய சுரைக்காயைக் குடைந்து உலர்த்திய குடுக்கை. அதன் ஒரு முனையில் ஊதும் துளை. மறுமுனையில் மெழுகால் பொருத்தப்பெற்ற இரண்டு மூங்கிற்குழல்கள். குழல்களுக்குள் மெல்லிய நாக்குகள் உண்டு. குடுக்கையில் நிறையும் காற்று அவற்றை அதிரச் செய்யும். ஒரு குழலில் விரல்துளைகள் இருக்கும். மெட்டு அதில் பிறக்கும். மற்றொன்று ஒரே சுருதியை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். வகுப்பில் இதை விளக்கும்போது நான் ஒரு மாணவனை வாய்மூடி "ம்" என்று ஒரே சுருதியில் முரலச் சொல்வேன். மற்றொருவனை அதன்மேல் ஏதேனும் பாடச் சொல்வேன். இருவர் சேர்ந்து செய்வதை மகுடி தனியே செய்கிறது. ஊதுபவர் மூக்கால் மூச்சை வாங்கிக்கொண்டே கன்னத்தில் அடக்கிய காற்றை வாயால் வெளிவிடுவார். ஆகவே ஒலி அறுபடுவதில்லை. இவ்வித்தை எளிதில் கைவருவதன்று. நாகசுர வித்துவான்களும் இதற்குப் பல ஆண்டு சாதகம் செய்கிறார்கள்.

ஆயினும், மகுடிக்குச் சில எல்லைகள் உண்டு. அதன் சுரங்கள் சிலவே. சுருதியை விரும்பியபடி மாற்றிக்கொள்ள இயலாது. பாடகியின் குரலுக்கும் முழு வாத்தியக் குழுவிற்கும் இசைந்து, மூன்றரை நிமிட இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டிய திரைப்பாடலுக்கு அது எளிதில் வளைந்துகொடுக்காது. ஹேமந்த் குமாரிடம் அப்போது உதவியாளர்களாக இருந்த இளைஞர்கள் இருவர் இதற்கு வழி கண்டார்கள். ஒருவர் கல்யாண்ஜி, பின்னாளில் தம்பி ஆனந்த்ஜியோடு சேர்ந்து இரட்டை இசையமைப்பாளராகப் புகழ்பெற்றவர். மற்றவர் ரவி, பின்னாளில் பல இந்திப் படங்களுக்கும், 'பாம்பே ரவி' என்னும் பெயரால் மலையாளப் படங்களுக்கும் இசையமைத்தவர்.

கல்யாண்ஜியிடம் 'கிளாவியோலின்' என்னும் அயல்நாட்டுக் கருவி ஒன்று இருந்தது. பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர் கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947ஆம் ஆண்டில் உருவாக்கிய மின்னணு வாத்தியம் அது. பார்ப்பதற்குச் சிறிய ஆர்மோனியத்தின் கட்டைகளைப் போன்றிருக்கும். ஆனால் துருத்தியும் இல்லை, நாக்கும் இல்லை. வானொலிப் பெட்டிகளில் அந்நாளில் இருந்தவை போன்ற வால்வுகள் மின் அதிர்வை உண்டாக்க, அவ்வதிர்வு ஒலிபெருக்கியின் வழியே ஒலியாகும். ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் ஒலிக்கும். குமிழ்களைத் திருகினால் ஒலியின் தன்மை மாறும். அதிர்வும் நடுக்கமும் சேரும். முழங்காலால் ஒரு நெம்புகோலை அசைத்து ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். அதில் கூர்மையான, சற்று மூக்கடைத்தாற்போன்ற குரல் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கல்யாண்ஜி வாசித்தார். ரவி ஆர்மோனியத்தால் அதற்குத் துணை செய்தார். இரண்டும் கலந்தபோது, காற்றும் நாக்கும் மின்சாரமும் சேர்ந்த ஒரு புதிய ஒலி பிறந்தது. அதைத்தான் நாடு முழுவதும் மகுடி என்று நம்பியது. அந்த மகுடியில் சுரைக்குடுக்கையும் இல்லை, மூங்கிலும் இல்லை!

இதைப் பொய் என்று கடிந்துகொள்ளலாமா? கூடாது என்பேன். நாடகத்தில் அரசனாக வருபவன் அரசன் அல்லன். ஆயினும் அரசனைக் காட்டிவிடுகிறான். இங்கும் மகுடியின் உயிரான பண்புகளை அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். சுரத்திற்குச் சுரம் தாவாமல் அடுத்தடுத்த சுரங்களில் வளைந்து வளைந்து செல்வது ஒன்று. ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்வது மற்றொன்று. இடையே மூச்சு விடுவதாகத் தோன்றாமை மூன்றாவது. கேட்பவனின் உடல் தானே அசையத் தொடங்குவதற்குக் காரணம் இந்த வளைவும் மீள்வுமே. சொற்கள் இல்லாமையால் அதற்கு மொழி வேலியும் இல்லை. இந்தியறியாத தமிழனும், தமிழறியாத பஞ்சாபியும் அதை ஒரே மூச்சில் முரல முடிகிறது.

அது பரவிய வழியும் அறியத்தக்கது. இதை நான் வானொலி நிலையத்தின் ஒலிவாங்கி முன் அமர்ந்து சொல்வதில் ஒரு வேடிக்கை உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற டாக்டர் கேஸ்கர், திரையிசை நம் சங்கீத மரபைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார். அக்காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்தே போயின. ஆர்மோனியத்துக்கோ 1940 முதலே வானொலியில் இடமில்லை. ஆகவே, ஆர்மோனியமும் மின்கருவியும் சேர்ந்து பெற்ற இந்தத் திரைப்பிள்ளைக்கு இந்த வீட்டுக் கதவு அன்று திறக்கவில்லை. பிள்ளையோ அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது! இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு இந்தித் திரைப்பாடல்களை நாள்தோறும் வாரி வழங்கியது. மக்கள் பெட்டியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கியபோதுதான் திரையிசைக்கு இங்கே மீண்டும் இடம் கிடைத்தது. அமைச்சரின் நோக்கம் நல்லதே. ஆனால் மக்கள் செவிக்குச் சட்டம் இயற்ற முடியாது என்பதை அந்த ஐந்தாண்டுகள் காட்டிவிட்டன.

இசைத்தட்டிலிருந்து அது பாண்டு வாத்தியத்திற்குப் போயிற்று. அங்கிருந்து கல்யாண ஊர்வலத்திற்கும், பள்ளி ஆண்டு விழாவிற்கும், திருவிழாக் கரகாட்ட மேடைக்கும் போயிற்று. பின்வந்த பாம்புப் படங்கள் எல்லாம் அந்த ஒலிக்குக் கடன்பட்டன. 1986இல் நம் சிவகாசிப் பக்கத்தில் பிறந்த ஸ்ரீதேவி நடித்த 'நகீனா' வந்தபோது, முப்பதாண்டுகளுக்கு முன் தமிழகத்து நங்கை ஒருத்தி ஆடிய பாம்பாட்டத்தை மற்றொருத்தி புதுப்பித்தாள். அந்தப் படத்தின் பெயரே அறியாத பேரப்பிள்ளைகளும் இன்று அம்மெட்டுக்குப் படமெடுத்து ஆடுகிறார்கள்.

நம் நாட்டிலும் மகுடியிசைக்கு ஒரு மரபு உண்டு; அது 1954க்கு மிகவும் முந்தியது. புன்னாகவராளி என்னும் இராகத்தைக் கேட்டிருப்பீர்கள். அனுமத்தோடி மேளத்தில் பிறந்தது. கீழ் நிஷாதத்திலிருந்து மேல் நிஷாதம் வரையில் உள்ள சிறிய எல்லைக்குள்ளேயே சுழல்வது. பாம்பாட்டியின் இசைக்கு உரிய இராகமாக அதை நம் முன்னோர் கருதினார்கள். இரவில் அதைப் பாடினால் பாம்பு வரும் என்று என் பாட்டியார் அஞ்சுவார். கோயில் விழாக்களில் நாகசுர வித்துவான்கள் மகுடி வாசிக்கத் தொடங்கினால், அதுவரை கடலை தின்றுகொண்டிருந்த கூட்டமும் நெருங்கி வந்து நிற்கும்.

பாம்பு இதையெல்லாம் கேட்கிறதா என்பது அடுத்த கேள்வி. பாம்புக்குப் புறச்செவி இல்லை; செவிப்பறையும் இல்லை. ஆனால் உட்செவி உண்டு. அதிலிருந்து ஒரு சிறிய எலும்பு தாடையோடு தொடர்புற்றிருக்கிறது. தரையில் உண்டாகும் அதிர்வு தாடையெலும்பின் வழியே உட்செவியை அடைகிறது. ஒரு இசைக்கவையைத் தட்டி அதன் காம்பை முகவாய்க்கட்டையில் வைத்து, இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். ஒலி எலும்பின் வழியே கேட்கும். பாம்பின் கேள்வி ஏறத்தாழ அவ்வகையினது. காற்றில் வரும் ஒலி அதற்கு முற்றிலும் கேளாது என்று பழைய பாடநூல்கள் எழுதின. தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகளை அது ஓரளவு உணர்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. எப்படியாயினும், நல்ல பாம்பு மகுடி முன் ஆடுவது இசையில் மயங்கி அன்று. கண்முன் அசையும் குடுக்கையைப் பகையென்று எண்ணித் தலையை உயர்த்தி, அது போகும் திசையெல்லாம் தன் பார்வையைத் திருப்புகிறது. நாம் நடனம் என்று காண்பது அதன் அச்சம்.

இதுவரை சொன்னது பாடம். இனிச் சொல்வது என் குறை.

1984ஆம் ஆண்டு. நான் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த தொடக்க காலம். தென்னார்க்காட்டு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு ஆசிரியன். என் வகுப்பில் பாம்பாட்டி ஒருவரின் மகன் படித்தான். அவன் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதற்பிள்ளை அவன்தான். கணக்கில் கெட்டிக்காரன், பேச்சுக் குறைவு. அவன் விடை சொல்ல எழுந்தாலும், வருகைப் பதிவின்போது பெயரைப் படித்தாலும், கடைசிப் பலகையிலிருந்து யாரோ ஒருவன் வாயைத் திறவாமல் அந்த மெட்டை முரல்வான். ஒருவன் தொடங்கினால் போதும். நான்கைந்து மூக்குகள் சேர்ந்துகொள்ளும். யார் செய்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

நான் என்ன செய்தேன்? முதல் நாள் மேசையைத் தட்டினேன். மறுநாள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை இனிய மெட்டு அல்லவா! "போதுமடா" என்று சொல்லும்போது என் உதட்டில் இருந்த புன்னகையைப் பையன்கள் கண்டுகொண்டார்கள். அவனும் கண்டான். ஆசிரியன் சிரித்துவிட்டால், வகுப்பில் அதற்குமேல் முறையிட வேறு மன்றம் இல்லை. காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கில் குடிசை. தந்தையார் மகுடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார். பையன் உள்ளே இருந்தான்; வெளியே வரவில்லை. "பிள்ளையை அனுப்புங்கள்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வாத்தியாரய்யா, பிள்ளைங்க பாடுதே, அது எங்க பாட்டு இல்லீங்க. அது சினிமாப் பாட்டு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய தகப்பனார் வேறு மெட்டு வாசிப்பாராம். படம் வந்த பிறகு, தெருவில் கூடுபவர்கள் அந்தப் படப்பாட்டையே கேட்டார்களாம். அதை வாசிக்காவிட்டால் தட்டில் காசு விழவில்லை. ஆகவே தகப்பனாரும் மகனும் அதைக் கேட்டுக் கேட்டு, குழலின் துளையைக்கூடச் சற்றே மாற்றியமைத்துக் கற்றுக்கொண்டார்களாம். "எங்க பாட்டை நான் வாசிச்சே பல வருஷம் ஆச்சுங்க" என்றார். நான் கேட்டுக்கொண்டதன்பேரில் வாசித்தும் காட்டினார். மெதுவாகத் தொடங்கிற்று, இடையிடையே தயங்கிற்று, பாதியில் ஓரிடத்தில் நின்று, தலையை ஆட்டிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து எடுத்தார். அது கூட்டத்தை இழுக்கும் இசை அன்று. கேட்பவன் நின்று நெருங்கி வந்தால் மட்டும் கேட்கும் இசை.

அன்றுதான் எனக்குச் செய்தி விளங்கிற்று. பாம்பாட்டியைப் பார்த்துச் சினிமா ஒரு மெட்டுச் செய்தது. அந்த மெட்டு திரும்பி வந்து பாம்பாட்டியின் மெட்டை வெளியேற்றியது. பிறகு அதே மெட்டு பள்ளிக்கூடத்திற்குள் புகுந்து அவன் பிள்ளையையும் வெளியேற்றியது. முதல் இரண்டு செயல்களுக்கும் யாரையும் குற்றம் சொல்ல இயலாது. ஹேமந்த் குமாரும் அவருடைய உதவியாளர்களும் நல்ல இசையைத்தான் தந்தார்கள், கேட்டவர்கள் விரும்பினார்கள். மூன்றாவது செயலுக்குப் பொறுப்பாளி ஒருவன் உண்டு. அவன் அந்த வகுப்பின் ஆசிரியன்.

மறுநாள் வகுப்பில் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எண்ணினேன். கேட்கவேண்டிய இடத்தில் அவன் இல்லை. மும்முறை ஆள் அனுப்பினேன். இருமுறை நானே போனேன். அவன் வரவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் பெங்களூரில் கட்டட வேலை செய்வதாகச் சொன்னார்கள். பாம்புக்குக் கேளாத இசை அந்தப் பிள்ளைக்கு முழுவதும் கேட்டது; எனக்குத்தான் கேட்கவில்லை.

அவன் தந்தையாரின் தொழிலும் நீடிக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் அதில் செய்யப்பெற்ற திருத்தங்களும், பாம்பைப் பிடித்து வைத்து வித்தை காட்டுவதற்கு இடமில்லாமற் செய்தன. சட்டம் நல்ல சட்டம். பல்லைப் பிடுங்கி, வாயைத் தைத்து, கூடைக்குள் அடைத்துவைத்த பாம்புகள் பட்ட துன்பம் சிறிதன்று. ஆனால் கூடையை மூடியபோது குடும்பங்களுக்கு மாற்று வழி பெரும்பாலும் திறக்கப்படவில்லை.

திறக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இருளர் பாம்பாட்டிகள் அல்லர். பாம்பின் தடத்தைக் கண்டு பிடிப்பதில் வல்ல பழங்குடியினர். பாம்புத்தோல் வாணிகம் 1970களில் தடைசெய்யப்பட்டதும் அவர்கள் பிழைப்பு இழந்தார்கள். பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கர் துணைநிற்க, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் அவர்கள் எடுக்கிறார்கள். பிடித்த பாம்பை மண்பானையில் சில வாரம் வைத்திருந்து, நஞ்செடுத்த பின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. அந்த எண்ணை நினைத்தால் இவர்கள் பணியின் அருமை விளங்கும். 2023இல் இருளரான வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 'நாகின்' படத்தில் நஞ்சு விற்கும் குடிகளைக் கற்பனையாகக் கண்டு களித்தோம். உண்மையில் நஞ்செடுத்து உயிர்காக்கும் குடியை நாடு மதிக்க அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

நான் தலைமையாசிரியனான பிறகு ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் மாணவர்கள் அந்த மெட்டுக்குப் பாம்பாட்டம் ஆட அனுமதி கேட்பார்கள். நான் மறுத்ததில்லை. ஒரு விதி மட்டும் வைத்தேன்: ஆட்டத்திற்கு முன் ஒரு மாணவன் மேடையேறி மூன்று நிமிடம் பேசவேண்டும். மகுடி எப்படிச் செய்யப்படுகிறது, பாம்பு எப்படிக் கேட்கிறது, பாம்பு கடித்தால் கத்தியால் கீறாமலும் வாயால் உறிஞ்சாமலும் கட்டுப்போட்டு இறுக்காமலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்பதைச் சொல்லவேண்டும். கடைசியாக, இத்தொழில் செய்தவர்கள் நம்மைப் போன்ற குடும்பத்தினர் என்பதையும் சொல்லவேண்டும். அந்த மூன்று நிமிடமும் 1984இல் நான் சொல்லத் தவறியவையே.

ஒரு செய்தியோடு முடிக்கிறேன். 'நாகின்' மெட்டை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் நான் பிசகாமல் முரல்வேன். ஏரிக்கரைக் குடிசையில் ஒரே ஒருமுறை கேட்ட அந்தப் பழைய மெட்டில் மூன்று சுரங்கள்கூட இன்று என் நினைவில் இல்லை. அதை எழுதி வைக்கவோ ஒலிப்பதிவு செய்யவோ எனக்கு அன்று தோன்றவில்லை. உங்கள் ஊரில் மகுடி வாசிக்கத் தெரிந்த முதியவர் எவரேனும் இருந்தால், அவரைக் கண்டு, அவர் தந்தையார் வாசித்த மெட்டை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். இப்போது எல்லார் சட்டைப்பையிலும் அதற்கான கருவி இருக்கிறது. அவர் முதலில் சினிமாப் பாட்டைத்தான் வாசிப்பார். பொறுத்திருந்து, இன்னொன்றையும் கேளுங்கள்.